மூன்றாம் மூடை கஸ்பார்

கஸ்பார் மிராந்தா இறந்த செய்தி துறைமுக ஜெட்டியில் வைத்துத்தான் எனக்குக் கிடைத்தது. காலையில் கருவாட்டுச் சிப்பம் ஏற்றிக்கொண்டிருந்த தோணியிலிருந்து அதை ஓட்டுகிற தண்டல் இறங்கி வந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தான். "அண்ணாச்சி, கஸ்பார் சார் போயிட்டாருல்லா. விடியக்காலம் மாதா கோயில்ல மணி அடிச்சாகளே, கேக்கலியா?" என்றான். மணி என் காதிலும் விழுந்தது. யாரோ வயசாளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். விஷக்காய்ச்சல் என்று கஸ்பார் படுத்திருந்தது தெரியும். தேறிவிட்டான், கஞ்சி குடிக்கிறான் என்றும் சொன்னார்கள். பக்கத்தில் கிடந்த வடக்கயிற்றுச் சுருளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் மனதில் முதலில் வந்தது, 'பாவிப்பயல், இதிலும் எனக்கு முந்திக்கொண்டானே' என்பதுதான். அழுகை அதற்குப் பிறகு வந்தது.

நம் கப்பல் ஆபீஸ் விளையாட்டுச் சங்கத்தார் அவனுக்காக ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். "நீர்தான் எழுதணும், நீர்தானவே அவருக்கு நெருக்கம்" என்று என்னிடம் வந்தார்கள். நெருக்கம்தான். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். 'அவர்' என்று மரியாதையாகத்தான் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரி போவதற்குள் யாரோ முனிசிபல் சேர்மனைப் பற்றி எழுதுவதுபோல் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தவரை 'ஏலே' என்று கூப்பிட்டவனை இப்போது 'அவர்' என்றால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து சிரிப்பான். ஆகவே அவன் என்றே எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவன்மேல் பொறாமை. இருந்தது என்று எழுதவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். அவனை ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு காரியம்தான் இருந்தது. அதை மட்டும் நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவனைத் தெரிந்த உங்களுக்கு அவன் பேச்சு ஞாபகமிருக்கும். தோணிக்காரரோடு தோணிக்காரராய், துரையோடு துரையாய்ப் பேசுவான். ஒரு நாள் காயல்பட்டினத்து முதலாளி ஒருவர் கொழும்புச் சரக்கு விஷயமாக ஆபீசுக்கு வந்தார். கஸ்பார் கப்பலுக்குப் போயிருந்தான். "என்னிடம் சொல்லுங்கள் முதலாளி, நானும் அதே வேலைதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். "பரவாயில்ல தம்பி, மிராந்தா வரட்டும். ஒங்களுக்கு எதுக்குச் செரமம்" என்றார். எனக்கு என்ன சிரமம்! மத்தியானம்வரை அந்த மனிதர் விசிறிக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்திருந்தார். கஸ்பார் வந்து நின்றதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்துக்குப் பெண் அழைத்து வந்ததுபோல் இருந்தது. வேலை என்னவோ இரண்டு நிமிஷ வேலை. அதை நானே முடித்துக் கொடுத்திருப்பேன்.

ஆபீசோடு போயிற்றா? ஒரு ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயலில் அவன் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, ஓலையில் சுற்றிய ஒரு சீலாவை என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். என் மனைவி பாக்கியத்திடம் மீனைக் கொடுத்து, எப்படி அரிய வேண்டும், எதைப் போட்டுக் கொதிக்க விடவேண்டும் என்று நின்று சொல்லிவிட்டும் போனான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்குக் குழம்போடு சேர்த்து இதுவும் விழுந்தது: "அவுக எம்புட்டுப் பதவிசாப் பேசுதாக! வீட்டுப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு கேட்டுப் பேசுதாக. நீங்களும் இருக்கீகளே." மீன் நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அவன்மேல் நான் வாய்விட்டுக் கோபப்பட்டது ஒரே தடவைதான். என்னைப் பெற்ற ஐயாவுக்கு உப்பு வியாபாரம் என்பது உங்களுக்குத் தெரியும். பாத்தியில் இறங்கி வாருகிறவர்கள் உப்பில்தான் நிற்பார்கள், அது வேறு. அள்ளிக் குவித்து மூடை கட்டிவிட்டால் அதன்மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் கால் படக்கூடாது. தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஒரு நாள் ஆபீசில் மாதிரிக்கு வந்த உப்பு மூடை ஒன்று வாசலில் கிடந்தது. கஸ்பார் அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு செருப்பு வார் மாட்டினான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "எடுல காலை! அது என்னன்னு நெனச்ச? எங்க வீட்டுச் சாமில அது!" என்று கத்திவிட்டேன். ஆபீசே எழுந்து பார்த்தது. வேறு யாராவது என்றால் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவன் காலை எடுத்தான். குனிந்து மூடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "தெரியாதுல தங்கவேலு. எங்க வீட்ல அப்பம் கீழ விழுந்தா முத்தி செஞ்சு, ஒதட்டுல ஒத்திதான் எடுப்போம். அது மாதிரிதான, இல்ல?" என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்றைக்கும் எல்லோரும் அவனைத்தான் மெச்சினார்கள். கத்தியவன் நான், நியாயம் என்னுடையது, பேர் அவனுக்கு.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். யுத்த காலத்தில் ஒரு அமெரிக்கக் கப்பல் இயந்திரக் கோளாறு என்று நம் கடலில் நங்கூரம் போட்டு வாரக்கணக்காக நின்றது. அதன் மாலுமிகள் சாயங்காலமானால் தோணியில் கரைக்கு வந்து, உப்புக் கொட்டகைகளை ஒட்டிய மணல்வெளியில் சாஃப்ட்பால் ஆடுவார்கள். பேரில்தான் அந்தப் பந்து மெத்து. மேலே பட்டால் தெரியும். விளாம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போய் ஆடவும் கற்றுக்கொண்டோம். எதிர்க்கட்சிக்காரன் போடும் பந்தைத் தடியால் அடித்துவிட்டு, மூன்று இடங்களைக் காலால் தொட்டுக்கொண்டு சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவேண்டும். வந்தால் ஒரு ஓட்டம். அந்த மூன்று இடங்களில் அவர்கள் கித்தான் திண்டு போட்டிருந்தார்கள். நமக்கு ஏது கித்தான்? சாக்கில் மணலை நிரப்பிப் போட்டோம். அதனால் நம் ஊரில் அவை முதல் மூடை, இரண்டாம் மூடை, மூன்றாம் மூடை என்றே ஆகிவிட்டன. புறப்படுகிற இடத்தைச் சிப்பிச் சுண்ணாம்பால் கோடு போட்டு வீடு என்றோம். கப்பல் கிளம்பும்போது ஒரு பேட்டையும் இரண்டு பந்தையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆட்டத்தின் சட்டதிட்டங்களை அந்த மாலுமிகளிடம் இங்கிலீஷில் கேட்டுப் புரிந்துகொண்டவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் தேவசகாயம். விசிலும் தொப்பியுமாக அவர்தான் எங்களுக்கு அம்பயர் ஆனார். சட்டத்தில் ஒன்று யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. ஓடுகிறவன் ஒரு மூடையைத் தொடாமல் தாண்டிப் போய்விட்டால் அம்பயர் பார்த்தாலும் வாயைத் திறக்கக்கூடாது. எதிர்க்கட்சிக்காரன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூடையை மிதித்து, இன்ன ஆள் இதைத் தொடவில்லை என்று முறையாகக் கேட்கவேண்டும். கேட்டால் அவுட். கேட்காவிட்டால் ஓட்டம் ஓட்டம்தான். அதையும் அடுத்த பந்து போடுவதற்குள் கேட்டுவிட வேண்டும். ஆட்டமே முடிந்துவிட்டதென்றால், பந்து பிடிக்கும் கட்சி மைதானத்தைவிட்டு வெளியே போவதற்குள் கேட்கவேண்டும். இதை மாஸ்டர் விளக்கியபோது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தோணிக்காரர் ஒருவருக்குத் தாங்கவில்லை. "களவாங்குனவனக் கண்ணால பாத்துட்டும் சும்மா நிப்பீரோ? பொறவு நீரு எதுக்குவே அங்கன நிக்கீரு?" என்றார். மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "கேட்டாச் சொல்லதுக்கு" என்றார்.

ஆபீசில் ஏற்றுமதிப் பிரிவு ஒரு கட்சி, இறக்குமதிப் பிரிவு ஒரு கட்சி என்று பிரித்தோம். ஏற்றுமதிக்கு நான் காப்டன், இறக்குமதிக்கு அவன். மூன்றாம் மூடையருகே நிற்பது அவனுக்குப் பிடித்த இடம். இங்கிலீஷில் ஒரு வரிச் சட்டம் படிக்காதவன். ஆனால் அந்தச் சட்டம் அவனுக்குத்தான் வாய்த்தது. ஆரம்ப நாட்களில் ஒரு ஆட்டம். என் கட்சிக்காரன் ஒருவன் அவசரத்தில் இரண்டாம் மூடையைத் தொடாமல் குறுக்கே ஓடி, மூன்றாம் மூடையில் வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். கஸ்பார் பந்தை வாங்கினான். கடைக்குப் போகிறவன்போல நிதானமாக இரண்டாம் மூடைக்கு நடந்து போய், அதன்மேல் காலை வைத்து, "மாஸ்டர், அங்கன நிக்கவன் இதத் தொடல" என்றான். மாஸ்டர் கட்டைவிரலைத் தூக்கினார். அவுட். அன்றையிலிருந்து ஊரில் அவனுக்கு 'மூன்றாம் மூடை கஸ்பார்' என்று பேர். அவன் கண்ணுக்குத் தப்பி ஈகூடப் போகாது என்பார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? சட்டம் தெரிந்தவன் நானல்லவா? அடுத்த ஆட்டத்தில் அவன் கட்சியில் ஒருவன் ஓடியபோது ஏதோ ஒரு மூடையை விட்டுவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. பந்தைப் பிடுங்கிக்கொண்டு இரண்டாம் மூடைக்கு ஓடி, அதன்மேல் குதித்து, "அவுட்டு மாஸ்டர்! இவன் தொடல!" என்று கடலுக்குக் கேட்கக் கத்தினேன். "தொட்டான்" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ரோஷத்தில் பந்தை எங்கள் கட்சியில் பந்து போடுகிறவனிடம் வீசினேன். அவனும் அடுத்த பந்தைப் போட்டுவிட்டான். அப்புறம்தான் கஸ்பார் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அவன் விட்டது மொத மூடைல. நீ அங்கன போயிக் கேட்டிருந்தா அவுட்டுதான். இனிமே கேக்க முடியாதே" என்றான். சொன்னவன் ஆட்டத்தில் எனக்கு எதிரி. அவன் கட்சிக்காரனே தப்புச் செய்தான் என்பதை எனக்கே எடுத்துச் சொல்லிவிட்டுப் போகிறான். அவனை அடிக்கவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை.

யுத்தம் முடிந்த வருஷம் மானேஜர் துரை ஒரு யோசனை சொன்னார். இரண்டு பிரிவும் ஒரு ஆட்டம் ஆடட்டும், ஜெயிக்கிற கட்சியின் காப்டனுக்கு அந்த அமெரிக்க பேட் சொந்தம் என்றார். ஹெட் கிளார்க் வேலை கஸ்பாருக்கு என்று அப்போதே முடிவாகியிருந்தது. காயல்பட்டினத்து முதலாளிகள் அவனுக்கு, தோணிக்காரர்கள் அவனுக்கு, என் வீட்டில் பாக்கியத்தின் நல்ல வார்த்தையும் அவனுக்கு. அந்த பேட் ஒன்றாவது எனக்கு வரட்டும் என்று இருந்தது. எங்கள் குலதெய்வத்துக்கு ஆடு நேர்ந்துகொண்டேன். இதை நான் பாக்கியத்திடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு கட்சியும் மாறி மாறி அடித்து ஆடியதில் ஆட்டம் கடைசி வாய்ப்புவரை சமமாக வந்தது. இறக்குமதிக் கட்சி ஆடிய கடைசி வாய்ப்பில் ஒருவன் சறுக்கி விழுந்ததில் மூன்றாம் மூடை கிழிந்து மணல் கொட்டிவிட்டது. அடுத்து நாங்கள் ஆடவேண்டும். பொழுது சாய்கிறது, வேறு சாக்கு தேடி மணலை அள்ளி நிரப்ப நேரமில்லை. கஸ்பார் எதிரேயிருந்த கொட்டகைக்கு ஓடி, அரைமூடை ஒன்றைத் தோளில் தூக்கி வந்து அந்த இடத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டான். அந்தக் கொட்டகையில் உப்பைத் தவிர வேறென்ன இருக்கும்?

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்த வேகத்தில் அவுட் ஆனார்கள். மூன்றாவது ஆளும் அவுட்டானால் வாய்ப்பு முடிந்தது. மிச்சம் நான். வந்த பந்தை நான் அடித்த அடி என் ஆயுசில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய், தூரத்தில் கருவாடு காய்கிற பாய்களுக்கு நடுவே விழுந்தது. ஓடினேன். முதல் மூடையை மிதித்தேன். இரண்டாவதை மிதித்தேன். மூன்றாவதை நெருங்கும்போது சாக்கின் தையலில் வெள்ளையாகப் பூத்திருந்தது கண்ணில் பட்டது. என் கால் தானாக விலகிற்று. நான் விலக்கவில்லை ஐயா, அது விலகிற்று. மூடையை ஒட்டி ஒரு சாண் வெளியே சுற்றிக்கொண்டு ஓடினேன். கஸ்பார் கைகளைத் தூக்கிக்கொண்டு பந்து வரும் திசையைப் பார்த்து நின்றிருந்தான். பந்து அவன் கைக்கு வந்தபோது நான் வீட்டுக் கோட்டைத் தாண்டியிருந்தேன்.

கூச்சல்! என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். மேலே இருந்தபடி நான் திரும்பிப் பார்த்தேன். அவன் கட்சிக்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக மைதானத்தைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கஸ்பார் மட்டும் கையில் பந்தோடு மூன்றாம் மூடைக்கு ஓரெட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தான். இந்தப் பக்கம் தேவசகாயம் மாஸ்டர் விசிலும் ஊதவில்லை, நகரவும் இல்லை. வீட்டைத் தொட்ட பிறகு திரும்பிப் போய் விட்ட மூடையைத் தொட முடியாது. அவன் ஓரெட்டு எடுத்து வைத்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், பேட்டும் போய்விடும், மானமும் போய்விடும். கேட்கவில்லை. மணலைப் பார்த்தபடி மெதுவாக நடந்து வெளியே வந்தான். பந்தை மாஸ்டரிடம் கொடுத்தான். பிறகு என்னிடம் வந்து, "நல்லா ஓடுனல" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! பேட் கிடைத்ததற்கு அல்ல. இவன் பார்க்கவில்லை! கண்ணுக்குத் தப்பி ஈ போகாது என்ற மூன்றாம் மூடை கஸ்பார், அவனுடைய மூடையிலேயே, அவன் மூக்குக்கு முன்னாலேயே கோட்டை விட்டுவிட்டான்! தோற்ற மலைப்பில் அங்கே நின்றிருக்கிறான், அவ்வளவுதான். நான் ஏமாற்றவில்லை. கேட்கவேண்டியது அவன் பாடு, கேட்கவில்லை, ஓட்டம் செல்லும். பேட்டைக் கொண்டுபோய் முன்கூடத்தில் ஆணியடித்து மாட்டினேன். நேர்ந்த ஆட்டையும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவன் ஹெட் கிளார்க் ஆனான். வீடு கட்டினான். கோயில் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் நடந்தான். ஒவ்வொன்றுக்கும் எனக்கு வயிறு எரியும். எரியும்போதெல்லாம் வீட்டுக்குப் போய் பேட்டைப் பார்ப்பேன். 'போடா, என்னைக் கோட்டை விட்டவன்தானே நீ' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். உடனே சரியாகிவிடும். தலைவலிக்குச் சுக்கு அரைத்துப் பற்றுப்போடுகிற மாதிரி அது எனக்கு. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் காரம் போய்விடும் என்று பயம்.

அடக்கத்துக்குப் போனேன். புன்னைக்காயலிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். தோணித் துறையே அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே காயல்பட்டினத்து முதலாளிகள் வரிசையாக நின்றார்கள். அன்றைக்கு ஆபீசில் விசிறிக்கொண்டு காத்திருந்தாரே, அவரும் வந்திருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. என் சாவுக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று பார்த்தேன். வராது. பாக்கியம் அவன் சம்சாரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். பங்குச் சாமியார் போனார், கூட்டம் கலைந்தது. கடைசியில் நானும் தேவசகாயம் மாஸ்டரும்தான் நின்றோம்.

எனக்கு என்ன தோன்றிற்றோ தெரியவில்லை. அத்தனை பேர் அழுததைப் பார்த்து ஆத்திரமா, அவன் இல்லாமல் போன துக்கமா, இரண்டும் சேர்ந்ததா, அதுவும் தெரியவில்லை. ஒரு ஆளிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "மாஸ்டர், செத்தவனப் பத்திச் சொல்லக்கூடாது. ஆனாலும் ஒரே ஒரு தடவ இவன் அசந்துட்டான். ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

மாஸ்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லுதியா, கேக்கியா?" என்றார்.

"சொல்லுதேன்."

அவர் தொப்பியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "சரி, கேக்கேன்" என்றேன்.

"எந்த மூடை, எந்த ஆளு? முறையாக் கேளு."

பாருங்கள், கல்லறையில் வைத்தும் மனிதர் சட்டத்தை விடவில்லை. "மூணாம் மூடை. ஆளு நாந்தான்" என்றேன்.

"நீ தொடல. ஒரு சாண் தள்ளிப் போன."

"அது எனக்குத் தெரியும் மாஸ்டர். கஸ்பார் பாக்கல. அதத்தான் சொல்ல வந்தேன்."

"பாத்தான்."

"என்ன மாஸ்டர் சொல்லுதீக?"

"பாத்தாம்ல. நாங்க ரெண்டு பேரும் அங்கன எதுக்கு நின்னோம்னு நெனச்ச? அவன் கேப்பானான்னு நான் நின்னேன். கேக்கவா வேண்டாமான்னு அவன் நின்னான். பொறவு வந்து பந்த எங்கையில தந்தான். 'மாஸ்டர், உப்புன்னா அவன் காலு வைக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். தெரிஞ்ச நானே அதத் தூக்கிட்டு வந்து போட்டுட்டேன், அவசரத்துல தோணல. அதுக்குப் போயி எப்படி அவுட்டு கேக்கது?'ன்னான்."

"இத்தன வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே" என்றார் மாஸ்டர்.

வெட்கத்தை விட்டு ஒன்று கேட்டேன். "என் ஓட்டத்தப் பத்தி ஏதாவது சொன்னானா?" அந்த ஒன்றாவது எனக்கு மிஞ்சாதா என்று ஆசை. மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணுஞ் சொல்லல. குடிக்கத் தண்ணி இருக்கான்னு கேட்டான்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தேன். பாக்கியம் எனக்கு முன்பே வந்து தலைக்குக் குளித்திருந்தாள். "ஏன் ஒரு மாதிரியா இருக்கீக?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். முன்கூடத்தில் பேட் தொங்குகிறது. அதைப் பார்க்காமல் உள்ளே போகப் பார்த்தேன். அது முடிகிற காரியமா? வாசலுக்கு நேரே நானே அடித்த ஆணி. எடுத்து எறிந்துவிடலாமா, அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். கொடுத்தால் அதற்கும் ஊர் அவனைத்தான் புகழும். கொடுக்கமாட்டேன். சட்டப்படி அது என்னுடையது. கேட்கவேண்டியவன் கேட்கவில்லை. அவனும் மைதானத்தைவிட்டுப் போய்விட்டான்.

நண்பர்களே, கஸ்பாரைப் பற்றி நல்லதாக எழுது என்றீர்கள். எனக்குத் தெரிந்த நல்லது இது ஒன்றுதான். அவன் பேச்சும் அவன் வேலையும் அவனுக்குக் கூடிய கூட்டமும் எனக்கும் கிடைத்திருக்கலாம். காலநேரம் கூடிவராமல் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் அன்றைக்குப் பந்து என் கையில் இருந்து, அவன் அந்த மூடையை விட்டுவிட்டு ஓடியிருந்தால்? நான் கேட்டிருப்பேன். என்ன காரணத்தால் விட்டான் என்று தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேன். மூடைமேல் ஏறி நின்று ஊர் கேட்கக் கத்தியிருப்பேன். ஏலே கஸ்பார், எல்லோரும் போன பிறகும் கையில் பந்தோடு நீ அங்கன நின்றாயே, அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் உன்னிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்காக உன்மேல் எனக்கு இருக்கிற வயிற்றெரிச்சல் நான் சாகிறவரைக்கும் ஆறாது. ஆறவும் வேண்டாம்.